மேசைக்கு ஒரு துண்டு

"வரும் ஒன்றாம் தேதி முதல் எவருக்கும் சொந்த இருக்கை கிடையாது, இருக்கிற மேசைகளை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்" என்று எங்கள் நிறுவனம் மெயில் அனுப்பிய அன்று அலுவலகம் அமைதியாகத்தான் இருந்தது. நிர்வாகம் அனுப்பும் மெயிலை எங்களில் யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு மேசையிலும் "டிராயரை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யவும்" என்று மஞ்சள் தாள் ஒட்டிய பிறகுதான் ஓலம் கிளம்பியது.

டிராயரை மேசையின் ஓர் உறுப்பு என்று நினைப்பவர் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார். அதற்குள் ஒரு குடித்தனமே நடக்கும். எனக்கு அடுத்த இருக்கைக்காரி தன் டிராயரிலிருந்து ஆவக்காய் ஊறுகாய் பாட்டில், மடக்குக் குடை, பாதி தீர்ந்த தலைவலித் தைலம், எப்போதோ நடந்து முடிந்து மணமக்களுக்குப் பிள்ளையே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட ஒரு கல்யாணத்தின் பத்திரிகை, மாற்றுச் செருப்பில் இடது கால் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள். வலது கால் என் டிராயரில் இருந்தது. எப்படி வந்தது என்று இருவரும் விவாதிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எங்களுக்கு அதைவிடப் பெரிய துக்கங்கள் இருந்தன. டெஸ்டிங் பிரிவில் ஒருவருடைய டிராயரில் திருப்பதி லட்டு ஒன்று கிடைத்தது. அதைக் குப்பையில் போடவும் மனமில்லை, கடிக்கவும் பல்லில்லை. கடைசியில் அதைப் பயபக்தியோடு துணியில் சுற்றி, வேறொரு பிரிவுக்கு மாற்றலாகிப் போகிற ஒருவரிடம் பிரசாதம் என்று கொடுத்தனுப்பினார்கள்.

மேசைத் தடுப்பில் ஒட்டியிருந்த சாமிகளின் நிலைமைதான் பரிதாபம். பிள்ளையார், முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்காவின் படம், ரஜினிகாந்த் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தோம். எல்லோரும் ஒரே நாளில் பைக்குள் போனார்கள்.

மெயிலைப் படிக்காதவர்களுக்காக அட்மின் சார் கூட்டம் போட்டு விளக்கினார். ஓ.எம்.ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி எங்களுடையது. சதுர அடிக்கு வாடகை. அதில் ஆள் உட்கார்ந்தாலும் வாடகை, உட்காராவிட்டாலும் வாடகை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். திரும்பி வந்தபோது வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். அன்றிலிருந்து அட்மின் சாருக்குத் தூக்கம் போயிற்று. காலை பதினோரு மணிக்கு மாடியின் நடுவில் நின்று தலை எண்ணுவார். "காலி சேருக்கும் ஏசி ஓடுது மேடம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னபோது அவர் குரல் கம்மியது. சொந்தப் பணம் போகிறவரைவிட அதிகமாக அவர் வருந்தினார்.

அவர் போட்ட கணக்கு, பத்துப் பேருக்கு ஏழு மேசை. ஐந்து நாளில் மூன்று நாள் வருகிறவர்கள் என்றால் பத்துப் பேரில் சராசரியாக ஆறு பேர்தான் ஒரு நாளில் இருப்பார்கள். ஏழு மேசை போட்டால் ஒன்று மிச்சம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சராசரி என்பவர் எந்த நாளும் அலுவலகத்துக்கு வருவதில்லை. ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு நாளைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரோ அதற்கு மேலோ வந்து நிற்கும் நாள் ஏறக்குறைய ஆறில் ஒன்று. அதாவது வாரத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்ட யாரோ ஒருவர் லேப்டாப்பும் கையுமாகப் பேன்ட்ரியில் நிற்பார். இதையே நூறு பேருக்கு எழுபது மேசை என்று ஒரே கூடத்தில் பொதுவாக வைத்தால், இடம் பற்றாத நாள் அறுபதில் ஒன்றாகக் குறைந்துவிடும். விகிதம் அதேதான், கூட்டம் பெரிதானால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். எங்கள் நிறுவனமோ, "அணி உணர்வு" கெடக்கூடாதென்று ஒவ்வொரு அணிக்கும் தனித்தனியாக ஏழு மேசை வெட்டிக் கொடுத்தது. ஆக, அணி உணர்வு பொங்கி வழிந்தது. பக்கத்து அணியில் காலியாகக் கிடந்த நாற்காலியைக் கடத்தி வருவதில் நாங்கள் காட்டிய ஒற்றுமையை எந்தத் திட்டப்பணியிலும் காட்டியதில்லை.

தவிரவும், நாளை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது என்பது தாளில்தான் உண்டு. வெள்ளிக்கிழமை யார் வருவார்? வியாழன் இரவே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, வெள்ளியன்று திருநெல்வேலியில் அம்மா கையால் இட்லி சாப்பிட்டபடி "கேக்குதா? என் ஸ்கிரீன் தெரியுதா?" என்று கேட்பவர்கள்தான் எங்களில் பாதி. பின்னணியில் சேவல் கூவும். அமெரிக்க வாடிக்கையாளர் அது ஏதோ புது அறிவிப்பு ஒலி என்று நினைத்துக்கொள்வார். திங்கட்கிழமை அதே பஸ் திரும்பி வர வேண்டும். மிச்சம் செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளும் பத்துக்குப் பத்துப் பேரும் வருவோம். மேசையைப் பகிர்வதாக முடிவெடுக்கிற எந்த நிறுவனமும் செவ்வாய்க்கிழமையை எண்ணிவிட்டு மேசை வாங்க வேண்டும், சராசரியை எண்ணிவிட்டு வாங்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. இதைக் கூட்டத்திலேயே சொன்னேன். அட்மின் சார் குறித்துக்கொண்டார். அவர் எதையும் குறித்துக்கொள்வார்.

இந்த யோசனை இப்போது பிறந்ததென்று நாங்கள் நினைத்திருந்தோம். முப்பது வருடத்துக்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மனிதர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷுக்காக அந்தப் புகழ்பெற்ற விளம்பரத்தை உருவாக்கியது சியாட்/டே என்ற நிறுவனம். அதன் தலைவர் ஜே சியாட். பிராங்க் கெரி வடிவமைத்த அவர்களது அலுவலகத்தின் வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பைனாகுலர் நிற்கும். அதற்குக் கீழே நுழைந்துதான் கார் உள்ளே போகும். அப்படிப்பட்ட கட்டடத்துக்குள், 1994 வாக்கில், எவருக்கும் மேசை கிடையாது என்று அறிவித்தார் ஜே சியாட். காலையில் வந்ததும் வரவேற்பில் நின்று ஆளுக்கொரு லேப்டாப்பும் கைத்தொலைபேசியும் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இருவர் தனியாகப் பேச வேண்டுமென்றால், பொருட்காட்சி ராட்டினத்திலிருந்து கழற்றி வந்த குமிழ் வண்டிகள் கூடத்தில் கிடந்தன.

லேப்டாப்பும் போனும் எல்லோருக்கும் போதுமான அளவு வாங்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்திலேயே மீதிக் கதை அடங்கிவிட்டது. விடிவதற்குள் வந்து வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்கியவர்கள் மாலையில் திருப்பித் தராமல் லாக்கரில் ஒளித்தார்கள். கோப்புகளைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு, நாளெல்லாம் கார் நிறுத்துமிடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடந்தார்கள். ஓர் அம்மையார் குழந்தைகள் இழுத்து விளையாடும் சிவப்புத் தள்ளுவண்டியில் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மாடி மாடியாக இழுத்துப் போனாராம். யாருக்காவது ஒரே இடம் பழகிவிடக் கூடாதே என்று ஜே சியாட்டே சுற்றி வந்து, "நேற்றும் இங்கேதானே உட்கார்ந்திருந்தாய்?" என்று விசாரித்துக் கிளப்பிவிடுவார். 1995இல் நிறுவனமே கைமாறியது. 1998இல் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனபோது எல்லோருக்கும் மேசை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் அட்மின் சாரிடம் சொன்னேன். சிவப்புத் தள்ளுவண்டி என்ன விலை இருக்கும் என்று கேட்டார்.

எங்களுக்கு லேப்டாப் உண்டு, போன் உண்டு. ஆகவே கலிபோர்னியாவின் கஷ்டங்கள் இல்லை. எங்களுக்கு ஆப் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வாரத்துக்கான முன்பதிவு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் ஜன்னலோர மேசைகள் போய்விடும். அப்புறம் ஏசி நேராகத் தலையில் விழாத மேசைகள். அப்புறம் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தெரியாத மேசைகள். கிழக்குப் பார்த்த மேசைகளுக்கென்று ஒரு தனிக் கூட்டம். கட்டடம் கட்டியவர் வாஸ்து பார்க்காததால் அவை மொத்தமே ஒரு வரிசைதான். கடைசியில் மிஞ்சுவது டி 17. அது கழிப்பறைக் கதவுக்கு நேரெதிரே இருக்கும், அதன் பிளக் பாயின்டில் கரண்டும் வராது.

எங்கள் பேரோல் சார் வாராவாரம் டி 17இல்தான் உட்கார்ந்தார். திங்கட்கிழமை 7.30 முதல் 9 மணி வரை ராகு காலம். அந்த நேரத்தில் அவர் புது டூத் பிரஷ்கூடப் பிரிக்க மாட்டார். 9.01க்கு ஆப்பைத் திறப்பார். டி 17 அவருக்காகக் காத்திருக்கும். அசராமல் வீட்டிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, பக்கத்து வரிசையிலிருந்து கரண்ட் இழுத்துக்கொண்டார். அதில் தன் பெயரை மார்க்கரால் எழுதி, மாலையில் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுப் பூட்டுவார். எங்கள் எல்லோருடைய சம்பளமும் அந்த பாக்ஸ் வழியாகத்தான் வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆப்புக்குப் போட்டியாக இன்னொரு முறையும் நடந்தது. அதை யாரும் அறிவிக்கவில்லை. யாருக்கும் சொல்லித் தரவும் வேண்டியிருக்கவில்லை. மேசையில் ஒரு துப்பட்டா. இன்னொன்றில் ஒரு தண்ணீர் பாட்டில். மற்றொன்றில் கண்ணாடிக் கூடு, கண்ணாடி இல்லை. இரவு ஷிப்ட் முடித்துப் போகிறவர் காலையில் வரும் நண்பனுக்காகத் தன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். ஆப் டி 5 எனக்குரியது என்கிறது. டி 5இல் யாருடையதோ லெமன் சாதம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஆப்பைவிட லெமன் சாதத்தின் மேல் மரியாதை அதிகம். நான் வேறு இடம் பார்த்துப் போவேன்.

தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர் எவருக்கும் இது புரியும். நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பதற்கு இங்கே எழுதாத சட்டம் ஒன்று முழுமையாக இருக்கிறது, அது பல ஆப்களைவிடத் தெளிவானது. துண்டு விழுந்தால் இடம் உறுதி; ஆனால் பஸ் கிளம்புவதற்குள் துண்டுக்குப் பின்னால் ஆள் வந்தாக வேண்டும். வராவிட்டால் நின்றுகொண்டிருப்பவர் "இது யார் துண்டு? இது யார் துண்டு?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி விசாரித்துவிட்டு, மடித்துக் கம்பியில் தொங்கவிட்டு உட்காரலாம். கேட்காமல் எடுத்தால் சண்டை வரும், கேட்டுவிட்டு எடுத்தால் வராது. ஒரு துண்டுக்கு ஓர் இடம். குடும்பஸ்தர் துண்டு, கைப்பை, குழந்தையின் செருப்பு என்று மூன்று இடம் வரை போட்டால் முணுமுணுப்போடு அனுமதி. கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினால் எந்தத் துண்டும் செல்லாது. இவ்வளவு களேபரத்திலும் துண்டை யாரும் திருடுவதில்லை என்பதுதான் இந்தச் சட்டத்தின் அழகு.

ஆப்பில் இதில் பாதி இல்லை. புக் செய்துவிட்டு வராமல் இருப்பவருக்குக் கேள்வி இல்லை. "மழை வந்தா வீட்டிலிருந்து, வராட்டா ஆபீஸ்" என்று எல்லா நாளுக்கும் புக் செய்து வைத்துவிட்டு, எந்த நாளும் வராதவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேசைகள் ஆப்பில் சிவப்பாகவும் கூடத்தில் வெறுமையாகவும் கிடக்கும். அதற்கெதிரே மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்போம்.

அட்மின் சார் இதற்கு விஞ்ஞானத்தை நாடினார். மேசைக்கடியில் சென்சார் பொருத்தினால் ஆள் இருக்கிறாரா என்று அதுவே சொல்லிவிடும் என்று ஒரு விற்பனையாளர் அவரைக் கரைத்திருந்தார். லண்டனில் டெய்லி டெலிகிராப் நாளிதழ் 2016 ஜனவரியில் இதைச் செய்தது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்த பத்திரிகையாளர்கள் மேசைக்கடியில் ஏதோ கறுப்புப் பெட்டி என்று குனிந்து பார்த்து, கூகுளில் தேடி, தொழிற்சங்கத்துக்குச் சொல்லி, அன்றே கழற்றவைத்தார்கள். எங்கள் ஊரில் அவ்வளவுகூட ஆகியிருக்காது. ஆளில்லாத மேசையின் சென்சார் முன்னால் டேபிள் ஃபேனைச் சுழலவிட்டு வேலை பார்க்கவைத்திருப்போம். இதை நான் சொன்னதும் அவர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். எங்கள் பொறியாளர்களின் திறமை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடைசியில் ஒரு கமிட்டி அமைந்தது. என்னையும் போட்டார்கள். கமிட்டி என்றால் எனக்கு அலர்ஜி. ஆனாலும் கமிட்டிக் கூட்டத்துக்கென்று ஓர் அறையும் நாற்காலியும் உறுதியாகக் கிடைக்கும் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் செய்ததெல்லாம் பஸ் சட்டத்தை ஆப்புக்குள் எழுதவைத்ததுதான். வந்தவர் மேசையில் ஒட்டிய குறியீட்டைப் போனில் காட்டி "வந்துவிட்டேன்" என்று பதிய வேண்டும். பதியாவிட்டால் இடம் ரத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்தான் இழுபறி. அட்மின் சார் பதினைந்து நிமிடம் என்றார். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் பதினைந்து நிமிடத்தில் ஒரு யூ-டர்ன்கூட எடுக்க முடியாது என்று வேளச்சேரிக்காரர்கள் கொதித்தார்கள். முக்கால் மணி என்று முடிவாயிற்று. தொடர்ந்து மூன்று முறை புக் செய்துவிட்டு வராதவருக்கு ஒரு வாரம் முன்பதிவு கிடையாது. அணிவாரி ஏழு மேசை ஒழிந்தது. முழு மாடியும் பொது. தன் அணியோடு சேர்ந்து உட்கார வேண்டியவர்கள் வாரத்தில் ஒரு நாளைப் பேசி வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு அணிகள் ஒரே செவ்வாயைக் கேட்டால் சீட்டுக் குலுக்கல். கர்ப்பிணிகளுக்கும் இடுப்பு வலிக்காரர்களுக்கும் நிரந்தர இடம். பேரோல் சாருக்கும் நிரந்தர இடம்: அவர் பூட்டி வைக்க வேண்டிய காகிதங்கள் இருக்கின்றன, மேலும் ராகு காலத்தோடு ஆப்பை மோதவிடுவது நல்லதில்லை.

இதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தவை சின்னச் சின்ன சாமான்கள். முன்பு ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் இருபது நிமிடம் வயரைத் தேடுவதில் போய்விடும்; மானிட்டர் வயர் ஒரு ரகம், லேப்டாப் ஓட்டை ஒரு ரகம். இப்போது எல்லா மேசையிலும் ஒரே மாதிரி டாக், ஒரே வயர். குத்தினால் திரை, கீபோர்டு, சார்ஜ் எல்லாம் வந்துவிடும். இதற்குச் செலவானதும் அட்மின் சாருக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. இருந்தாலும் பகிர்கிற மேசைகளில் சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். இரண்டாவது, லாக்கர். ஊறுகாய் பாட்டிலுக்கும் சால்வைக்கும் ஒரு வீடு வேண்டும். அது கிடைத்ததும் பாதிப் பேருக்கு மேசையின் மேல் இருந்த பாசம் வடிந்துவிட்டது. சாமிகள் லாக்கர் கதவின் உட்புறத்தில் குடியேறினார்கள். காலையில் கதவைத் திறந்து, ஒரு நொடி நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவர்களின் வரிசையால் அங்கே இப்போது நெரிசல்.

நாற்காலி மட்டும் கடைசிவரை தீரவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஆறடிக்காரர் என்றால் என் கால் தரையில் எட்டாது. நெம்புகோல்கள் நான்கு, எதை அமுக்கினால் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை அமுக்கினேன், சாய்வு போய் மல்லாந்தேன். எதிரே கண்ணாடி அறையில் மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். இதெல்லாம் ஆப்பில் வராது.

சுத்தமும் ஆப்பில் வராது. கீபோர்டில் மிக்சர். மவுஸில் எண்ணெய். மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு. இந்தப் பொட்டு விவகாரம் ஒரு நாள் பெரிதாகி, கமிட்டி முன் வந்தது. ஒரே மானிட்டரில் மூன்று நிறத்தில் ஐந்து பொட்டுகள். "நாளைக்கு நானே அங்கதான் உக்காருவேன்னு வெச்சேன்" என்று ஒருத்தி வாக்குமூலம் கொடுத்தாள். அந்த நாளை வரவே இல்லை. எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காதான் இதற்கும் தீர்ப்புச் சொன்னார். சட்டமெல்லாம் நாங்கள் எழுதினாலும், ஒவ்வொரு மேசையிலும் யார் என்ன விட்டுப்போவார் என்பது அவருக்குத்தான் தெரியும். பொட்டைப் பார்த்தே "இது கணக்குப் பிரிவு பாப்பாது", "இது மூணாவது லைன் மேடம்து, அவங்கதான் மெரூன் வெப்பாங்க" என்று பிரித்துவிடுவார். ரெசப்ஷனில் ஒரு பழைய சாக்லேட் டப்பாவை வைத்து, அதன் மூடிக்குள் பொட்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டார். இப்போது பொட்டு இல்லாமல் வந்துவிட்ட எவளும் அந்த டப்பாவைத் திறந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பகிர்வு என்று நிறுவனம் ஆயிரம் சொன்னது. உருப்படியாக நடந்தது அந்த டப்பாவில்தான்.

தடுப்புகள் போய்விட்டால் மக்கள் கலகலவென்று பேசுவார்கள், புதுப்புது யோசனை பிறக்கும் என்று நிறுவனங்கள் நம்புகின்றன. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் திறந்த கூடத்துக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் ஊழியர்களை அளந்து 2018இல் வெளியிட்டார்கள்: நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்து, மெயில் பெருகியிருந்தது. இதற்கு அளவுகோல் எதுவும் எனக்குத் தேவையில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த டெஸ்டிங் தம்பி, "அக்கா, பேனா இருக்கா?" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினான். நானும் "இருக்கு" என்று மெசேஜ் அனுப்பிவிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்தேன்.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு லாபம் உண்டு. பத்து வருடம் ஒரே மேசையில் இருந்தபோது நான் அறிந்தவர்கள் நான்கு பேர். இப்போது பேரோல் சாரின் பெண் எந்தக் கல்லூரி, நெட்வொர்க் பையன் ஏன் செவ்வாய்க்கிழமை முட்டை சாப்பிட மாட்டான், இரண்டாவது வரிசை மேடத்தின் மாமியார் எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாம் தெரியும். இவை எதுவும் உற்பத்தித் திறனில் சேராது என்கிறார்கள். சம்பள முன்பணம் வேண்டுமென்றால் பேரோல் சாரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரிந்துகொண்டவளுக்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.

எல்லாம் ஓரளவு படிந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அரசு விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் அலுவலகத்தில் பூஜை போடுவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் அவரவர் மேசையை அவரவர் துடைத்து, மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். இப்போது மேசை யாருடையது? முதல் நாள் உட்கார்ந்தவர் துடைப்பதா, மறுநாள் உட்காரப் போகிறவரா? "புக் பண்ணினவங்க பொட்டு வெக்கட்டும்" என்று அட்மின் சார் தீர்த்தார். நாற்காலிக்கு எலுமிச்சம்பழம் வைப்பதா என்றும் கேள்வி வந்தது. காருக்கு நான்கு சக்கரம், நான்கு பழம். ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் ஐந்து சக்கரம். மாடி முழுக்க வைத்தால் கோயம்பேட்டிலிருந்து மினி லாரி பிடிக்க வேண்டும். அது மினிட்ஸில் ஏறாமலே கைவிடப்பட்டது.

சரஸ்வதி படமும் புத்தகங்களும் வைக்க ரெசப்ஷனுக்குப் பக்கத்து மேசை டி 1 வசதி. யாரும் அதை எடுத்துவிடக் கூடாதே என்று அட்மின் சார் ஆப்பில் விருந்தினர் பிரிவைத் திறந்து, பெயர்: சரஸ்வதி, வருகை நோக்கம்: பூஜை, நேரம்: காலை 9 முதல் மாலை 6 வரை என்று புக் செய்துவிட்டார். பிறகு பொரி, கடலை, வெல்லம், பூசணிக்காய் வாங்கப் போய்விட்டார்.

9.45க்கு ஆப் தன் கடமையைச் செய்தது. அட்மின் சாரின் போனுக்கு மெயில் வந்தபோது அவர் பூசணிக்காயைத் தோளில் வைத்திருந்தார். "அன்புள்ள சரஸ்வதி, குறித்த நேரத்துக்குள் நீங்கள் வருகையைப் பதியாததால் உங்கள் இடம் ரத்து செய்யப்படுகிறது. மேலும் இருமுறை இவ்வாறு நேர்ந்தால் ஒரு வாரத்துக்கு உங்கள் முன்பதிவு உரிமை நிறுத்திவைக்கப்படும்."

அவர் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் லேப்டாப்போடு டி 1 எதிரே நின்றிருந்தான். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, படத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, பேரேடுகள் அடுக்கியிருந்தது.

"தம்பி, இது சாமிக்கு" என்றார் அட்மின் சார்.

"சார், ஆப்ல எனக்குன்னு காட்டுது சார். செக்-இன்கூடப் பண்ணிட்டேன்."

கமிட்டி கூடியது. சட்டம் பையன் பக்கம் இருந்தது, எழுதியவர்கள் நாங்களே. இரண்டு பேர் அவனை டி 17க்குப் போகச் சொன்னார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்கா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "புதுசா வேலைக்கு வந்த புள்ளைய இன்னிக்குப் போய் எழுப்பி விடுவீங்களா? உக்காருப்பா நீ" என்று அவன் லேப்டாப் மூடியில் சந்தனத்தைத் தொட்டு வைத்துவிட்டு, படத்தை அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் பேரேடுகளோடு பின்னால் போனோம். அந்த நேரத்தில் காலியாக இருந்த ஒரே மேசை டி 17தான். வேறு வழியில்லாமல் கழிப்பறைக் கதவில் "பழுது" என்று எழுதி ஒட்டி, எல்லோரையும் நாலாவது மாடிக்கு அனுப்பினோம்.

சீரியல் பல்பு எரியவில்லை. டி 17இல் எப்போது கரண்ட் வந்தது? பேரோல் சார் ஒரு வார்த்தை பேசாமல் தன் நிரந்தர இடத்துக்குப் போய், பூட்டைத் திறந்து, பெயர் எழுதிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்தார். மாலை ஆறு மணிக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று அட்மின் சாரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.